பேச்சு அச்சேறும்போது

எழுத்தாளர், ஓவியர், திரைப்பட இயக்குநர் போன்ற ஒருவரோடு அவருடைய படைப்பைப் பற்றி நிகழ்த்திய உரையாடல் புத்தகமாக வெளிவரும்போது, அதை வாசிப்பவர் அவருடைய குரலையே நேராகக் கேட்பதாக எண்ணிக்கொள்கிறார். கேள்வி தடித்த எழுத்திலும் பதில் மெல்லிய எழுத்திலும் அமைந்த பக்கத்தின் தோற்றமே அந்த நம்பிக்கையை ஊட்டிவிடுகிறது. ஆனால் இவ்வகையில் பெரும்புகழ் பெற்ற நூல்கள் உருவான வரலாற்றைத் தேடிப் பார்த்தால், அவை பேச்சை மூலப்பொருளாகக் கொண்டு, வெட்டியும் ஒட்டியும் இடம் மாற்றியும் சில வேளைகளில் புதிதாகப் புனைந்தும் எழுதப்பட்டவை என்பது புலனாகிறது. இதனால் அவற்றின் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. எனினும் ஒரு படைப்பாளி தன் தொழிலைப் பற்றிச் சொன்னவற்றைச் சான்றாக எடுத்துக்கொள்ள விரும்பும் எவரும், அந்தச் சொற்கள் யார் கையால், எந்த வழியில் அச்சுக்கு வந்தன என்று முதலில் கேட்க வேண்டியவராகிறார்.

ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில் இந்தக் கேள்விக்கு விடை எளிது, ஏனெனில் எல்லாமே கேட்டவரின் நினைவைச் சார்ந்திருந்தது. 1823இல் வைமார் நகருக்கு வந்து கோதேயைச் சந்தித்த யோஹான் பீட்டர் எக்கர்மன், 1832இல் கோதே இறக்கும்வரை அவரோடு பழகி, அந்தப் பழக்கத்தின் குறிப்புகளிலிருந்து இரண்டு பாகங்களை 1836இலும் மூன்றாவதை 1848இலும் வெளியிட்டார். நாட்குறிப்பில் சில சொற்களாக மட்டும் இருந்தவற்றைப் பல ஆண்டுகள் கழித்து முழு உரையாடல்களாக விரித்தெழுதியதோடு, மூன்றாம் பாகத்துக்கு வைமார் அரண்மனையில் ஆசிரியராக இருந்த ஃப்ரெடெரிக் சொரே என்பவரின் குறிப்புகளையும் அவர் பயன்படுத்திக்கொண்டார். அப்படியிருந்தும் அந்நூலை ஜெர்மன் உரைநடையின் உச்சங்களில் ஒன்றாக நீட்சே வைத்தார். இதே வழியைப் பின்பற்றிய இன்னொரு நூலின் கதை வேறு: இளமையில் பிராகாவில் காஃப்காவோடு பழகிய குஸ்டாவ் யானூக், காஃப்கா இறந்து 27 ஆண்டுகளுக்குப் பின், 1951இல் வெளியிட்ட உரையாடல் நூல், 1968இல் திடீரென்று பெருத்து இரண்டாம் பதிப்பாக வந்தபோது, ஆய்வாளர்களின் ஐயத்துக்கு ஆளாகி, இன்றுவரை அதிலிருந்து மீளவில்லை. கோதே தம் நாட்குறிப்பில் எக்கர்மனின் வருகைகளைத் தாமே குறித்து வைத்திருந்தார் என்பதால் அங்கே சரிபார்க்க ஓர் இரண்டாம் ஏடு இருந்தது. யானூக்கிடம் அப்படி ஒன்று இல்லை. காஃப்கா சொன்னவை என்று உலவும் மணிமொழிகளில் கணிசமானவை அந்த நூலிலிருந்து வந்தவை என்பதையும், காஃப்காவின் கடிதங்களில் காணும் தயங்கித் தயங்கி நகரும் நடையோடு அவை ஒட்டவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த வகைக்கு ஓர் ஒழுங்கான வடிவத்தைக் கொடுத்தது 'த பாரிஸ் ரிவ்யூ' என்னும் காலாண்டிதழ். பாரிஸில் தங்கியிருந்த இளம் அமெரிக்கர்களான பீட்டர் மத்தீசன், ஹரால்டு ஹ்யூம்ஸ், ஜார்ஜ் பிளிம்ப்டன் முதலானோர் 1953இல் தொடங்கிய அவ்விதழ், விமர்சனக் கட்டுரைகள் இலக்கிய ஏடுகளை நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில், விமர்சகரின் இடத்தில் எழுத்தாளரையே உட்காரவைத்துத் தொழில் நுட்பம் பற்றிப் பேசச் செய்வது என்ற வழியைத் தேர்ந்தெடுத்தது. (மத்தீசன் அந்நாளில் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவில் பணியாற்றினார் என்பதும், இதழை அதற்கு ஒரு மறைப்பாகக் கொண்டிருந்தார் என்பதும் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்ட செய்தி, ஒரு நேர்காணல் மரபின் தொட்டிலருகே ஒற்றர் ஒருவர் நின்றிருந்தது வேடிக்கையான பொருத்தந்தான்.) முதல் இதழிலேயே இ. எம். ஃபார்ஸ்டரின் நேர்காணல் இடம்பெற்றது. 1924க்குப் பிறகு நாவல் எதையும் வெளியிடாதிருந்த அவரிடம், அவர் பாதியில் கைவிட்ட நாவல் ஒன்றைப் பற்றி, அது ஏன் முடிவுபெறவில்லை என்று கேட்டதிலிருந்து பேச்சு விரிந்தது. எழுதி முடித்ததைப் புகழ்வதைவிட முடிக்க இயலாததை விசாரிப்பது ஒரு கலைஞரை எவ்வளவு தூரம் திறக்கவைக்கும் என்பதற்கு அந்தத் தொடக்கமே நல்ல சான்று.

அவ்விதழின் நடைமுறையில் கவனிக்கத்தக்கது, உரையாடல் முடிந்தபின் நடப்பது. பல அமர்வுகளில், சில சமயம் பல ஆண்டு இடைவெளியில், பேசியவற்றைப் பதிப்பாசிரியர்கள் தொகுத்துச் சுருக்கிய பின், அந்தப் படி பேசியவருக்கே அனுப்பப்படுகிறது. அவர் அதைத் திருத்தலாம், நீக்கலாம், வேண்டுமானால் ஒரு பதிலை முழுவதும் புதிதாக எழுதித் தரலாம். செய்தியாளர் மரபில் வளர்ந்தவர்களுக்கு இது முறைகேடாகத் தோன்றும், ஏனெனில் அரசியல்வாதி ஒருவர் வாய்தவறிச் சொன்னதைப் பிறகு அவரே அடித்துவிட அனுமதிப்பது அங்கே குற்றமாகும். ஆனால் இங்கே விசாரிக்கப்படுபவர் எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர். நாவலின் ஒரு பத்தியைப் பத்து முறை மாற்றி எழுதும் ஒருவர், அதே நாவலைப் பற்றி வாய்ப்பேச்சில் உதிர்த்த முதல் வாக்கியத்தோடு கட்டுண்டு நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் குறைவு. இந்த ஏற்பாட்டில் வாசகர் இழப்பது தடுமாற்றத்தை. பெறுவது, ஒருவர் தம் தொழிலைப் பற்றி எதைச் சொல்ல விரும்பினார் என்பதன் மிகத் துல்லியமான வடிவத்தை.

இதை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் விளாதிமிர் நபக்கோவ். கேள்விகள் முன்கூட்டியே எழுத்தில் வர வேண்டும், பதில்களும் எழுத்திலேயே தரப்படும், அச்சிடும்போது ஒரு சொல்லும் மாறக் கூடாது என்பவை அவருடைய நிபந்தனைகள். அப்படித் தந்த பதில்களைத் திரட்டி 1973இல் தனிநூலாகவே வெளியிட்டார். 1975இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பெர்னார் பிவோவின் நேரடி நிகழ்ச்சிக்கு வந்தபோதுகூட, எதிரே அடுக்கிய புத்தகங்களின் மறைவில் அட்டைகளை வைத்துக்கொண்டு, எழுதிவைத்த விடைகளை இயல்பாகப் பேசுவதுபோல வாசித்தார்; அருகிலிருந்த தேநீர்க் கூஜாவில் விஸ்கி இருந்தது. இதற்கு நேர் எதிரான நிலையை காப்ரியேல் கார்சியா மார்க்கேஸிடம் காணலாம். இளமையில் பத்திரிகையாளராக உழைத்த அவர், 1981இல் அதே பாரிஸ் ரிவ்யூவுக்குப் பேசியபோது, ஒலிப்பதிவுக் கருவி ஓடுகிறது என்று தெரிந்த கணமே மனிதர் தற்காப்பு நிலைக்குப் போய்விடுகிறார் என்றும், குறிப்பே எடுக்காமல் நெடுநேரம் பேசிவிட்டுப் பிறகு நினைவிலிருந்து எழுதுவதே சிறந்த முறை என்றும் கூறினார். எக்கர்மனின் பழைய வழியைத்தான் அவர் பரிந்துரைத்தார் என்பதும், அந்தக் கருத்தே ஒரு நேர்காணலின் பகுதியாக நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதும் சுவையானவை.

பென்சிலா தட்டச்சா, காலையா இரவா என்று பாரிஸ் ரிவ்யூ கேட்கும் வழக்கமான கேள்விகளைச் சிலர் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலி முழுவதும் நியாயமானதன்று. விடியலுக்கு முன் எழுந்து, காப்பி போட்டுக்கொண்டு, வெளிச்சம் வருவதைப் பார்த்தபின் எழுதும் வழக்கத்தை 1993இல் டோனி மாரிசன் விவரித்தபோது, அது பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த நாளில் அவர்கள் விழித்து அம்மாவைத் தேடுவதற்குள் கிடைத்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்ட கட்டாயத்திலிருந்து பிறந்தது என்பதும் தெரியவந்தது. தனியாகப் பிள்ளைகளை வளர்த்தபடி, பதிப்பகத்தில் வேலையும் பார்த்த ஒரு பெண்ணின் எழுத்து வாழ்க்கையை, 'உங்கள் எழுத்தில் தாய்மை' என்பது போன்ற கனத்த கேள்வி இவ்வளவு தெளிவாகக் காட்டியிராது.

கைத்தொழிலைப் பற்றிய கேள்வியே கலையைப் பற்றிய கேள்வியாகவும் ஆகும் என்பதை யாரும் மறுக்க முடியாதபடி நிறுவியது, பிரெஞ்சு இயக்குநர் ஃப்ரான்ஸ்வா த்ரூஃபோ ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கோடு நடத்திய உரையாடல். இருவருக்கும் முன்பே ஓர் அறிமுகம் இருந்தது: விமர்சகராக இருந்த நாளில் த்ரூஃபோ, நண்பர் க்ளோத் ஷப்ரோலோடு ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஹிட்ச்காக்கைப் பார்க்கப் போகும் வழியில், படப்பிடிப்புத் தளத்தின் முற்றத்தில் உறைந்திருந்த குளத்துக்குள் இருவருமாக விழுந்தெழுந்தனர். 1962 ஆகஸ்டில் ஹாலிவுட்டின் யூனிவர்சல் ஸ்டுடியோவில் அவர் மீண்டும் எதிரே அமர்ந்தபோது அவருக்கு வயது 30, மூன்று முழுநீளப் படங்களை எடுத்து முடித்திருந்தார். ஹிட்ச்காக்குக்கு வயது 63. அமெரிக்க விமர்சகர்களில் பெரும்பாலோர் அப்போது ஹிட்ச்காக்கைத் திறமையான பொழுதுபோக்குக்காரராகவே மதித்தனர்; அவர் ஒரு முழுமையான கலைஞர் என்பதை அவருடைய வாயாலேயே நிறுவிக் காட்டுவது த்ரூஃபோவின் நோக்கம். அதற்காக அவர் ஹிட்ச்காக்கின் தத்துவத்தைக் கேட்கவில்லை. மௌனப்படக் காலத்திலிருந்து தொடங்கி, படம் படமாக, காட்சி காட்சியாக, இதை எப்படிச் செய்தீர்கள் என்றே கேட்டுக்கொண்டு போனார்.

அதனால் கிடைத்த விடைகள் வேறு எந்த வழியிலும் கிடைத்திருக்க முடியாதவை. 1941இல் வந்த 'சஸ்பிஷன்' படத்தில் கணவன் மாடிப்படி ஏறி மனைவிக்குக் கொண்டுசெல்லும் பால், அதில் நஞ்சிருக்குமோ என்ற ஐயத்தைப் பார்வையாளருக்கு ஊட்ட வேண்டும் என்பதற்காக, அந்தக் கண்ணாடிக் குவளைக்குள்ளேயே ஒரு விளக்கு வைக்கப்பட்டது. 'சைக்கோ'வின் குளியலறைக் கொலைக் காட்சி 45 வினாடி ஓடுவதற்காக ஏழு நாள் படமாக்கப்பட்டது. கேமரா 70 முறை இடம் மாறியது. 'வெர்டிகோ'வில் உயரத்தைக் கண்டு தலைசுற்றும் உணர்வைக் காட்ட, கேமராவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே வில்லையை முன்னோக்கிக் குவிக்கும் உத்தியை உண்மையான படிக்கட்டில் செய்தால் செலவு மிகுதி என்பதால், படிக்கட்டின் சிறு மாதிரியைச் செய்து பக்கவாட்டில் கிடத்திப் படம் பிடித்தனர்; அப்படியும் 19,000 டாலர் ஆயிற்று. கதைமாந்தர் உயிரைக் கொடுத்துத் தேடும், ஆனால் பார்வையாளருக்கு ஒரு பொருட்டாகாத பொருளைக் குறிக்கும் 'மக்கஃபின்' என்ற சொல் உலகெங்கும் பரவியதும், மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்பே சொல்லிவிட்டால் 15 நிமிடம் பதைப்பும் சொல்லாவிட்டால் 15 வினாடி அதிர்ச்சியும் கிடைக்கும் என்ற விளக்கம் திரைக்கதைப் பாடமாக ஆனதும் பெரிதும் இந்த நூலால்தான். ஒரே நீண்ட காட்சியாகத் தோன்றுமாறு எடுத்த 'ரோப்' படத்தை ஹிட்ச்காக் ஒரு வித்தை காட்டும் முயற்சியென்று ஒதுக்க முற்படும்போது, த்ரூஃபோ அதை ஏற்க மறுத்து அவருடைய படத்தை அவரிடமிருந்தே காப்பாற்றும் பகுதி, கேட்பவரும் அதே தொழிலைச் செய்பவராக இருப்பதன் பயனைக் காட்டுகிறது.

இந்த உரையாடல் முழுவதிலும் மூன்றாம் ஒருவர் இருந்தார். த்ரூஃபோவின் ஆங்கிலம் போதாது, ஹிட்ச்காக்கின் பிரெஞ்சும் அவ்வாறே. ஆகவே ஒவ்வொரு கேள்வியும் பதிலும் ஹெலன் ஸ்காட் என்னும் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே சென்று வந்தன. 1966இல் பிரெஞ்சிலும் மறு ஆண்டு ஆங்கிலத்திலும் வந்த நூலைப் பின்னாளில் கிடைத்த ஒலிநாடாக்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இருவர் பேச்சும் இடையில் எவ்வளவு சுருங்கியும் வழவழப்பாகியும் போயிருக்கிறது என்று எடுத்துக்காட்டியுள்ளனர். நாடாக்களில் ஸ்காட்டின் குரல் ஓயாமல் கேட்கிறது. அச்சில் அது இருவர் பேச்சுக்குள் கரைந்துவிடுகிறது.

இவ்வகை நூல்களுள் முதலிடம் எதற்கு என்று கேட்டால், ஆங்கிலக் கலை விமர்சகர் டேவிட் சில்வெஸ்டர் ஓவியர் ஃப்ரான்சிஸ் பேக்கனோடு 1962 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் நடத்திய உரையாடல்களையே சொல்ல வேண்டும். மிகவும் விழிப்போடு வாசிக்க வேண்டிய நூலும் அதுவே. 1975இல் முதலில் வெளிவந்து, 1980இலும் 1987இலும் விரிவாக்கம் பெற்ற அந்நூலில் பேக்கன் கூறுவனவற்றின் மையம் 'தற்செயல்' என்பது. ஓவியம் கதை சொல்லக் கூடாது, உருவத்தை விளக்கக் கூடாது, பார்ப்பவரின் நரம்பில் நேரே தைக்க வேண்டும். அதற்கு ஓவியரின் திட்டம் உதவாது, வண்ணம் தானே வழிதவறிச் செல்லும் இடத்தில் கிடைப்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள 1946ஆம் ஆண்டு ஓவியத்தை, வயலில் வந்திறங்கும் ஒரு பறவையை வரையத் தொடங்கி, அது குடைக்கடியில் அமர்ந்த மனிதனும் தொங்கும் இறைச்சியுமாக மாறிப்போனதாக அவர் விவரிக்கும் பகுதி, நவீன ஓவியம் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுவது. தத்துவவாதி ஜில் தெலூஸ் 1981இல் பேக்கனைப் பற்றி எழுதிய நூலும் இந்த உரையாடல்களைப் பெரிதும் சார்ந்தே நின்றது.

இவ்வளவு சரளமாக, ஒரு கருத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அந்தப் பேச்சு, முன்னுரையில் சில்வெஸ்டரே சொல்வதுபோல, ஒரு படத்தொகுப்பு: வெவ்வேறு நாளில் பேசியவை ஒரே பதிலாக இணைக்கப்பட்டன, வரிசை மாற்றப்பட்டது, ஒட்டுப்போட்ட இடம் தெரியாதிருக்கும்பொருட்டுக் கேள்விகள் பல திருத்தப்பட்டன, சில அடியோடு புனையப்பட்டன. உண்மையில் பேசியபோது அமையாத ஒரு தெளிவை வாதத்துக்குத் தருவதும், அதே வேளையில் பேச்சின் மணம் போய்விடாமல் காப்பதுமே நோக்கம் என்று அவர் மறைக்காமல் அறிவித்தார். அறிவித்த பிறகும் வாசகர்கள் அதை மறந்துவிடுகின்றனர் என்பது அவருடைய எழுத்துத் திறனுக்குக் கிடைத்த பாராட்டு. கேள்வி கேட்பவர் அங்கே நாடகாசிரியராக இருக்கிறார்; பேக்கன் என்ற பாத்திரத்துக்குரிய வசனங்கள் பேக்கன் பேசியவையே, ஆனால் அவை வரும் இடமும் அவற்றைத் தூண்டும் எதிர்வசனமும் சில்வெஸ்டருடையவை.

அந்தப் பாத்திரம் சொன்ன ஒன்று பிறகு சோதனைக்கு உள்ளானது. ஓவியத்துக்கு முன் கோட்டுச் சித்திரங்கள் வரைந்து ஆயத்தம் செய்யும் பழக்கம் தமக்கு இல்லை என்று பேக்கன் பல இடங்களில் கூறினார். தற்செயல் பற்றிய அவருடைய கொள்கைக்கு அது தேவையான துணைக்கருத்து. அவர் 1992இல் இறந்தபின், 1950களின் பிற்பகுதியையும் 1960களின் தொடக்கத்தையும் சேர்ந்த தாள் ஓவியங்கள் நண்பர்களிடமிருந்து வெளிப்பட்டு, 1998இல் லண்டன் டேட் கலைக்கூடத்துக்கு வந்துசேர்ந்தன. அதே ஆண்டில் ரீஸ் மியூஸ் 7ஆம் எண்ணில் இருந்த அவருடைய ஓவியக்கூடம் டப்ளின் ஹியூ லேன் கலைக்கூடத்துக்குக் கொடையாகத் தரப்பட, தொல்லியலாளர்கள் அகழாய்வு செய்வதுபோல ஒவ்வொரு பொருளின் கிடையையும் குறித்து, 7,000க்கும் மேற்பட்டவற்றைப் பட்டியலிட்டு, 2001இல் அங்கே அந்த அறையை அப்படியே அமைத்தனர். கிழித்தெறிந்த சித்திரத்துணிகள் ஏறத்தாழ 100, தாள் ஓவியங்கள் சுமார் 70 அதில் அடக்கம். பேக்கன் பொய் சொன்னார் என்று இதைக்கொண்டு தீர்ப்பளிப்பது அவசரம். அந்தத் தாள்களில் பல, ஒரு நிலையை வேகமாகக் குறித்துக்கொண்ட கிறுக்கல்கள். மரபான பொருளில் 'ஆயத்தச் சித்திரம்' என்று அவற்றை அவரே ஏற்றிருக்கமாட்டார் என வாதிடவும் இடமுண்டு. ஆனால் கிழிக்கப்பட்ட அந்த நூறு துணிகள், தற்செயல் அவரைக் கைவிட்ட வேளைகள் எத்தனை என்பதைக் காட்டுகின்றன.

ஏட்டோடு பேச்சை ஒப்பிடும்போது படைப்பாளியே எப்போதும் பிடிபடுகிறார் என்று சொல்வதற்கும் இல்லை. ஹெமிங்வேயை பிளிம்ப்டன் எடுத்த நேர்காணல் 1958 வசந்த கால இதழில் வெளிவந்தது. கேள்விகளில் பலவற்றைக் கண்டு ஹெமிங்வே எரிச்சலடைவதும், தம் வேலையைப் பற்றிப் பேசுவதே வேலையைக் கெடுக்கும் என்று அஞ்சுவதும் அதில் வெளிப்படையாகவே தெரிகின்றன. 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை மாற்றி எழுதியதாக அவர் அங்கே சொன்னார். வீரப்பேச்சுக்குப் பெயர்போன ஒருவர் கூறிய அந்த எண்ணைச் சற்றே குறைத்து மதிப்பிடத்தான் யாருக்கும் தோன்றும். பாஸ்டனில் கென்னடி நூலகத்தில் உள்ள கையெழுத்துப் படிகளிலிருந்து அந்த மாற்று முடிவுகளையெல்லாம் திரட்டி, பேரன் ஷான் ஹெமிங்வே 2012இல் புதுப்பதிப்புக் கொண்டுவந்தபோது, தொகை 47 ஆயிற்று. அவற்றுள் சில ஓரிரு வாக்கியத் துணுக்குகள், சில பத்திக்கணக்கில் நீள்பவை, ஒன்று நண்பர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் யோசனையிலிருந்து பிறந்தது. எது தனி முடிவு, எது முன்னதன் திருத்தம் மட்டுமே என்று பிரிக்கும் பொறுப்பு, எழுதியவர் இல்லாத நிலையில், பதிப்பாசிரியரிடம் வந்துசேர்ந்தது.